‘நைஃப்’ சொல்லில் ‘கே’ எதற்கு? ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களே,

அரசுப் பள்ளியிலோ, தனியார் பள்ளியிலோ, மாலை நேர டியூஷனிலோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்குமான மடல் இது. பேச வந்த விஷயம் ஸ்பெல்லிங். அதற்கு முன்னால் ஒரு நரியின் கதை.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கால் வைத்தவர்கள் எல்லோருக்கும் அந்த நரியைத் தெரியும். முதல் சில நாட்களுக்கு ஏ, எஸ், டி, எஃப் என்று நடு வரிசை. பிறகு மேல் வரிசை, கீழ் வரிசை. விரல்கள் ஒருவாறு இடம் பழகியதும் புதிய தாளை உருட்டி மாட்டச் சொல்லிப் பயிற்றுநர் ஒரு வாக்கியம் கொடுப்பார்: ‘தி குயிக் பிரௌன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேஸி டாக்’. வேகமான பழுப்பு நரி, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கிறது. பக்கம் முழுக்க அதே வரி. வரி முடியும்போதெல்லாம் இயந்திரத்தின் மணி ஒருமுறை ஒலிக்கும். கை நெம்புகோலைத் தள்ளும். நரி மறுபடியும் குதிக்கும்.

அந்த வாக்கியத்தில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இருக்கின்றன. ஒரு விசைகூட விட்டுப்போகாமல் விரல் பழக வேண்டும் என்பதால்தான் அதைக் கொடுக்கிறார்கள். இப்படி எல்லா எழுத்தும் இடம்பெறும் வாக்கியத்துக்குப் பாங்கிராம் என்று பெயர். கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம், ‘கிராம்மா’ என்றால் எழுத்து. நரி வாக்கியத்தின் மொத்த நீளம் 35 எழுத்து.

இந்த நரிக்கு வயது சுமார் 140. இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு 1885-ல் அமெரிக்காவின் ‘பாஸ்டன் ஜர்னல்’ நாளிதழில் வந்தது. மாணவர்கள் கையெழுத்துப் பழக ஏற்ற வாக்கியம் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். 1908-ல் பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்காக எழுதிய ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூலிலும் சைகைச் செய்தி பழக இதே வாக்கியம் வந்தது. பிறகு தட்டச்சுப் பொறி, தந்தி, டெலிபிரிண்டர் என்று ஒவ்வொன்றாகத் தாவியது. 1963-ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைத்தபோது, அமெரிக்கா அனுப்பிய முதல் சோதனைச் செய்தியும் நரிதான். கூடவே ஒன்று முதல் பூஜ்யம் வரை எண்களும் போயின. அணு ஆயுதப் போரைத் தவிர்க்கப் போட்ட இணைப்பு அது. எல்லா எழுத்தும் பிசகாமல் போய்ச் சேருகிறதா என்று தெரிய வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியில் ‘ஜம்ப்ஸ்’ என்பதற்குப் பதில் இறந்தகாலத்தில் ‘ஜம்ப்டு’ என்று இருந்தது. அப்படி மாற்றினால் வாக்கியத்தில் ‘எஸ்’ காணாமல் போய்விடும். ஆனால் அவர்கள் நாயை அல்ல, ‘நாயின் முதுகை’ நரி தாண்டியதாக எழுதியிருந்தார்கள். ‘நாயின்’ என்ற வேற்றுமைக்கு வந்த ‘எஸ்’ அந்தக் குறையை நிரப்பியது. இன்றும் பல பாடப்பயிற்சிப் புத்தகங்களில் ‘ஜம்ப்டு’ என்று அச்சிட்டு, ஒரு எழுத்தைத் தொலைத்துவிட்டு, 26-ம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

நரியைவிடச் சுருக்கமான வாக்கியங்களும் உண்டு. ‘ஐந்து டஜன் மதுக் குடுவைகளை என் பெட்டியில் அடுக்கு’ என்று பொருள்படும் வாக்கியத்துக்கு 32 எழுத்து. குத்துச்சண்டை போடும் ஐந்து மந்திரவாதிகள் வேகமாகக் குதிக்கும் வாக்கியத்துக்கு 31. கறுப்புப் பளிங்கால் ஆன ஸ்பிங்க்ஸை அழைத்து ‘என் சபதத்துக்குத் தீர்ப்புச் சொல்’ என்று கேட்கும் வாக்கியத்துக்கு 29. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு முறை மட்டும் வரும்படி 26 எழுத்தில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போனதும் பொருள் கலங்கிவிடுகிறது. காரணம் எளிது. 26-ல் உயிரெழுத்து ஐந்துதான். ஆங்கிலச் சொல்லுக்கு மூச்சே உயிரெழுத்து. ஐந்து மூச்சில் 21 மெய்களை இழுத்துக்கொண்டு போக முடியாமல், ‘டபிள்யூ’வை உயிராகப் பயன்படுத்தும் வேல்ஸ் மொழிச் சொற்களைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஓர் எழுத்து என்பது நம் உயிர்மெய்போல ஓர் அசை. அதனால் ‘இரோஹா’ என்ற பழைய கவிதை 47 எழுத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தி, நிலையாமையைப் பற்றிப் பொருளோடு பேசுகிறது. அதன் மிகப் பழைய பிரதி 1079-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இனிதான் ஸ்பெல்லிங். நரி வாக்கியத்தைக் கண்ணால் படிக்காமல், கண்ணை மூடிக் காதால் கேட்டுப் பாருங்கள். ‘டைகர்’ சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘டி’ ஒலி எங்கேயாவது கேட்கிறதா? இல்லை. அந்த எழுத்து இரண்டு முறை இருக்கிறது. இரண்டும் ‘தி’ என்ற சொல்லுக்குள் போய் ‘எச்’சோடு சேர்ந்து வேறு ஒலியாகிவிட்டன. அதே ‘எச்’சின் சொந்த ஒலி, ‘ஹவுஸ்’ சொல்லில் கேட்கிறதே, அதுவும் இல்லை. ‘ஒய்’ இருக்கிறது, ‘யெஸ், நோ’ என்று சொல்லும்போது ‘யெஸ்’ஸின் தொடக்கத்தில் வரும் ‘ய்’ ஒலி இல்லை. ‘ஷிப்’, ‘சேர்’, ‘கிங்’ என்ற சொற்களில் உள்ள ‘ஷ்’, ‘ச்’, ‘ங்’ ஒலிகளும் இல்லை. ஆங்கிலத்தின் 24 மெய்யொலிகளில் இந்த வாக்கியத்தில் கேட்பவை 16 மட்டுமே. எழுத்து அத்தனையும் வந்துவிட்டது, ஒலியில் எட்டு வரவில்லை.

மறுபுறம், ‘ஓ’ என்ற எழுத்து நான்கு முறை வருகிறது: பிரௌன், ஃபாக்ஸ், ஓவர், டாக். நான்கு இடங்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆக, ஆங்கில ஸ்பெல்லிங்கின் மொத்தச் சிக்கலும் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கியிருக்கிறது. எழுத்து 26. ஒலி சுமார் 44. பற்றாக்குறையை ஓர் எழுத்துக்குப் பல வேலை கொடுத்தும், இரண்டு எழுத்தை ஒன்றாகப் பிணைத்தும்தான் அந்த மொழி சமாளிக்கிறது.

இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி இருப்பது அந்தப் பிள்ளைக்குப் புதிதல்ல. ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ‘க’ வெவ்வேறாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்தை அடுத்து ஒன்று, உயிர்களுக்கு இடையில் ஒன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த ஒழுங்கு நாக்கில் ஏறிவிடுகிறது. அப்படி வளர்ந்த பிள்ளை ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து, ‘நைஃப்’ சொல்லில் ‘கே’ ஏன் என்று கேட்டால், அது ஒழுங்கைத் தேடும் கேள்வி. மிக நல்ல கேள்வி. அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘அது சைலண்ட் லெட்டர், அப்படித்தான், மனப்பாடம் பண்ணு’. மறந்து எழுதினால் நூறு தடவை இம்போசிஷன்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. நூறு தடவை எழுத ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது அதைச் சொல்ல.

நரி வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழைய ஆங்கிலத்தில் ‘தி’யின் தொடக்க ஒலிக்குத் தனி எழுத்து ஒன்று இருந்தது. ‘தார்ன்’, அதாவது ‘முள்’ என்று அதற்குப் பெயர். ரோமானிய எழுத்துகளைக் கொண்டுவந்த பாதிரிமார்களிடம் அந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால், அங்கே முன்பு வழங்கிய ரூன் எழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பின்னாளில் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் முள் இல்லை. அதன் வேலையை ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து முழுதாக ஏற்றுக்கொண்டன. நரி வாக்கியத்தில் அந்த இரண்டு எழுத்தும் சொந்த ஒலி இழந்து நிற்பதன் பின்னணி இது. ஐஸ்லாந்து மொழி அந்த முள்ளை இன்றும் எழுதுகிறது.

இரண்டாவது சொல் ‘குயிக்’. பழைய ஆங்கிலத்தில் இதை சி, டபிள்யூ, ஐ, சி என்று நான்கே எழுத்தில் எழுதினார்கள். அப்போது அதற்கு ‘உயிருள்ள’ என்று பொருள். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அரசவையிலும் மடங்களிலும் பிரெஞ்சு வழக்கம் படிந்த எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கைப்பழக்கத்தில் ‘சி-டபிள்யூ’ எல்லாம் ‘க்யூ-யூ’ ஆனது. ராணியைக் குறிக்கும் ‘குயீன்’ சொல்லும் அப்படி மாறியதுதான். ‘க்யூ’வின் பின்னால் ‘யூ’ ஏன் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒரு படையெடுப்பின் கதையே பதில்.

அதே எழுத்தர்கள் செய்த இன்னொரு மாற்றத்தைக் கரும்பலகையில் வரைந்தே காட்டலாம். அந்தக் காலக் கையெழுத்தில் எம், என், யூ, ஐ எல்லாம் ஒரே மாதிரியான செங்குத்துக் கோடுகளால் ஆனவை. எம்முக்கு மூன்று கோடு, என்னுக்கு இரண்டு, யூவுக்கு இரண்டு, ஐக்கு ஒன்று. ஐயின் தலையில் புள்ளி வைக்கும் வழக்கமும் நிலைபெறவில்லை. ‘மினிமம்’ என்று எழுதினால் 15 கோடுகள் வேலிபோல வரிசையாக நிற்கும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் எம், என், வி போன்றவற்றின் அருகில் ‘யூ’ வந்தால், எழுத்தர்கள் அதை ‘ஓ’வாக வட்டமிட்டு எழுதினார்கள் என்பது மொழி வரலாற்றாசிரியர்கள் பரவலாகத் தரும் விளக்கம். மகனைக் குறிக்கும் ‘சன்’, ‘லவ்’, ‘கம்’, ‘மங்க்’, ‘வண்டர்’ எல்லாவற்றிலும் ‘ஓ’ எழுதி ‘அ’ என்று படிப்பது இதனால்தான். ஒலி மாறியதால் வந்த வினை அல்ல இது; படிப்பவர் கண் தடுமாறாமல் இருக்கச் செய்த உதவி.

‘லவ்’ சொல்லின் கடைசியில் ஒலிக்காத ‘ஈ’ ஒன்றும் இருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் உண்டு. யூவும் வியும் அப்போது ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள். சொல்லின் முதலில் ஒரு உருவம், நடுவில் மற்றொரு உருவம் என்று ஒலியைப் பாராமல் எழுதினார்கள். ஒரு சொல் அந்த எழுத்தோடு முடிந்தால் ‘உ’ என்று படிப்பதா, ‘வ்’ என்று படிப்பதா? பின்னால் ஓர் ‘ஈ’ போட்டால் ‘வ்’ என்று தெரிந்துவிடும். ‘ஹேவ்’, ‘கிவ்’, ‘லவ்’ மூன்றும் இப்படி வால் பெற்றன. ஆங்கிலச் சொல் ‘வி’யில் முடிவது அரிது என்ற விதியை இதோடு சேர்த்துச் சொன்னால் பல சொற்களின் ஸ்பெல்லிங் ஒரே நாளில் கைவசமாகிவிடும். ஐயும் ஜேயும்கூட அப்படித்தான் ஒட்டியிருந்தன. ஷேக்ஸ்பியர் காலத்து அச்சகத்துக்கு 26 தனி எழுத்துகள் கொண்ட பாங்கிராம் தேவையே பட்டிருக்காது. 1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட ஐ, ஜே சொற்கள் ஒரே வரிசையில்தான் கலந்து நிற்கின்றன.

இப்போது ‘நைஃப்’. அந்தக் ‘கே’ ஒரு காலத்தில் வாய் நிறைய ஒலித்தது. ‘க்னீஃப்’ என்றுதான் சொன்னார்கள். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, தெரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘நோ’, வீரனைக் குறிக்கும் ‘நைட்’ எல்லாவற்றிலும் அந்த ஒலி இருந்தது. 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலேயர் நாக்கு அதை விட்டுவிட்டது. உறவு மொழிகள் விடவில்லை. ஜெர்மானியப் பிள்ளை இன்றும் முழங்காலை ‘க்னீ’ என்கிறது. ஸ்வீடனில் கத்தி இன்றும் ‘க்னீவ்’. ‘ரைட்’, ‘ராங்’ சொற்களின் முன்னால் நிற்கும் ‘டபிள்யூ’வும் இப்படி ஒலித்து ஓய்ந்ததுதான்.

‘நைட்’ சொல்லின் நடுவில் வரும் ‘ஜி-எச்’சைப் புரியவைக்கத் தமிழாசிரியர் கையில் அருமையான கருவி இருக்கிறது: ஆய்த எழுத்து. ‘அஃது’ என்று அழுத்திச் சொல்லும்போது தொண்டையருகே எழும் ஒலிக்கு நெருங்கியது அந்தப் பழைய ஒலி. ஸ்காட்லாந்துப் பேச்சில் இரவைக் குறிக்கும் சொல்லில் இன்றும் அது கேட்கிறது. தெற்கே அந்த ஒலி தேய்ந்தபோது ஒரே வழியில் தேயவில்லை. சில சொற்களில் முற்றிலும் மறைந்தது. சிலவற்றில் ‘ஃப்’ ஆனது. ‘ஓ-யூ-ஜி-எச்’ என்ற ஒரே கூட்டு ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’, ‘காஃப்’, ‘பௌ’, ‘தாட்’, ‘தரோ’ என்று ஏழு விதமாக ஒலிப்பது, ஓர் ஒலி வட்டாரத்துக்கு ஒரு விதமாகத் தேய்ந்ததன் பதிவு.

ஒலி மாறியபோது எழுத்தும் கூடவே மாறியிருக்கலாமே? மாறாமல் பிடித்து நிறுத்தியது அச்சு. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் திறந்தார். எந்த ஆங்கிலத்தை அச்சிடுவது என்பதே அவருக்குப் பெரிய சிக்கல். 1490-ல் ஒரு நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் நிகழ்ச்சி இது: காற்று வீசாததால் தேம்ஸ் நதியில் நின்றுபோன கப்பலிலிருந்து இறங்கிய வணிகர் ஒருவர், ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார். தனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறாள் வீட்டுக்காரம்மா. வணிகருக்குக் கோபம்; அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இரண்டும் ஆங்கிலம்தான், இரண்டும் முட்டைதான். காக்ஸ்டன் பல ஆண்டுகள் வாழ்ந்தது ஃப்ளாண்டர்ஸ் பகுதியில். அந்த ஊர் அச்சுக்கோப்பாளர் பழக்கம் அவர் அச்சகத்திலும் தொற்றியது. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ சொல்லில் ‘எச்’ நுழைந்தது அப்படித்தான்.

அச்சு எழுத்தை நிறுத்திவைத்த அதே காலத்தில் உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையே நெட்டுயிர்கள் எல்லாம் வாய்க்குள் ஒரு படி மேலே ஏறின. மேலே இடமில்லாதவை இரண்டாகப் பிளந்தன. ‘நாமெ’ என்று ஒலித்தது ‘நேம்’ ஆனது. ‘டீமெ’ என்றது ‘டைம்’ ஆனது. ‘ஹூஸ்’ என்றது ‘ஹவுஸ்’ ஆனது. ஐரோப்பாவின் பிற மொழிகளில் ‘ஆ’ என்று அழைக்கப்படும் முதல் எழுத்து ஆங்கிலத்தில் மட்டும் ‘ஏ’ ஆனதும், ‘ஈ’ என்று அழைக்கப்படுவது ‘ஐ’ ஆனதும் இந்தப் பெயர்ச்சியால்தான். ‘அ-வுக்கு ஏன் சார் ஏ-ன்னு பேரு?’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அதற்கும் பதில் இதுவே.

ஒருபோதும் ஒலிக்காத எழுத்துகளும் உண்டு. அவை அறிஞர்கள் செருகியவை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ பிரெஞ்சிலிருந்து ‘டெட்’டாகவே வந்தது. அதன் மூதாதை லத்தீனின் ‘டெபிட்டும்’ என்று காட்டுவதற்காக 16-ஆம் நூற்றாண்டில் நடுவே ‘பஸ்’ஸின் முதலெழுத்தான ‘பி’யை வைத்தார்கள். ‘டெபிட் கார்டு’ தெரிந்த பிள்ளைக்கு அந்த எழுத்து இனி மறக்காது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ கதை வேறு. அது கலப்பில்லாத ஆங்கிலச் சொல். லத்தீனின் ‘இன்சுலா’விலிருந்து வந்ததாகத் தவறாக எண்ணி ‘எஸ்’ஸை நுழைத்தார்கள். தவறு என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை.

இத்தனை சிக்கலையும் அறுத்தெறியப் பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1768-ல் ஆறு எழுத்தை நீக்கி ஆறு புது எழுத்தைச் சேர்த்துத் தனி நெடுங்கணக்கே வகுத்தார். நோவா வெப்ஸ்டர் அமெரிக்க அகராதியில் ‘கலர்’ சொல்லின் ‘யூ’வை நீக்கி வெற்றி கண்டார், நாக்கைக் குறிக்கும் ‘டங்’ சொல்லை டி, யூ, என், ஜி என்று நான்கெழுத்தாகச் சுருக்கப் பார்த்துத் தோற்றார். 1906-ல் ஆண்ட்ரூ கார்னெகியின் பண உதவியோடு ஒரு சீர்திருத்தக் குழு இறங்கியது. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிட அரசு அச்சகத்துக்கே உத்தரவிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதைப் புறந்தள்ளியது. பெர்னார்ட் ஷா தன் உயிலிலேயே புது எழுத்துமுறைக்குப் பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவர் நாடகம் ஒன்று 1962-ல் அச்சாகி வந்தது. அதோடு நின்றது.

தோல்விக்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. ஒலிப்படி எழுதுவதென்றால் யார் ஒலிப்படி? லண்டன்காரருக்கும் கிளாஸ்கோகாரருக்கும் டெக்சாஸ்காரருக்கும் ஒலி வேறு. எழுத்து மட்டுமே பொது. இன்னொன்றும் உண்டு. ‘சைன்’ சொல்லில் ஊமையாக இருக்கும் ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ சொல்லில் பேசுகிறது. தசையைக் குறிக்கும் ‘மஸில்’ சொல்லின் ‘சி’ ‘மஸ்குலர்’ என்னும்போது வாய் திறக்கிறது. ஊமை எழுத்தை எடுத்துவிட்டால் அக்கா தங்கை சொற்களின் முகச்சாயல் போய்விடும். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968-ல் எழுதிய நூலில், ஆங்கில ஸ்பெல்லிங் அந்த மொழிக்கு மிகப் பொருத்தமான முறைக்கு நெருக்கமானது என்றே வாதிட்டார்கள்.

‘ஜி-எச்-ஓ-டி-ஐ’ என்று எழுதி மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் என்ற விளையாட்டு பலருக்குத் தெரிந்திருக்கும். ‘டஃப்’ சொல்லின் ‘ஜி-எச்’, ‘விமன்’ சொல்லின் ‘ஓ’, ‘நேஷன்’ சொல்லின் ‘டி-ஐ’. ஷா சொன்னதாக ஆசிரியர்களே மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே, 1855-ல், ஒரு கடிதத்தில் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆங்கிலம் படிக்கும் யாரும் அதை ‘ஃபிஷ்’ என்று படிக்க மாட்டார்கள். சொல்லின் தொடக்கத்தில் ‘ஜி-எச்’ வந்தால் ‘க்’ தான். ‘டி-ஐ’ ‘ஷ்’ ஆவது சொல்லின் நடுவில், இன்னொரு உயிரெழுத்துக்கு முன்னால் மட்டும்தான். விதியில்லை என்று காட்டக் கட்டிய சொல், விதி இருப்பதற்குச் சாட்சியாகிவிட்டது. 1966-ல் ஸ்டான்ஃபோர்டின் பால் ஹன்னாவும் குழுவினரும் 17,000-க்கும் மேற்பட்ட சொற்களை ஆராய்ந்து, ஒலிக்கு எழுத்து என்ற விதிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிச் சொற்களைக் கணினி பிழையின்றி எழுதியது. மீதியில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பிழைதான்.

அதற்காக ஆங்கிலம் எளிது என்று சொல்லிவிட முடியாது. 2003-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று 13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் படிக்கப் பழகும் வேகத்தை ஒப்பிட்டது. கடைசியில் நின்றவர்கள் ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் கற்ற குழந்தைகள். ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவர்களே அவ்வளவு சிரமப்படும்போது, வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் கேட்டிராத பிள்ளை தடுமாறினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தத் தடுமாற்றத்துக்காக வகுப்பின் முன்னால் நிறுத்துவது அநியாயம்.

அமெரிக்காவில் 1925 முதல் தேசிய அளவில் ஸ்பெல்லிங் பீ போட்டி நடக்கிறது. 1985-ல் ‘மில்யூ’ என்ற சொல்லைச் சரியாகச் சொல்லி பாலு நடராஜன் வென்றார். அதை வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவர். அதன்பின் எத்தனையோ இந்தியப் பெயர்கள். அந்த மேடையில் நிற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். சொல்லைக் கேட்டதும் எழுத்துகளை அடுக்கத் தொடங்குவதில்லை. ‘இது எந்த மொழியிலிருந்து வந்தது?’ என்று கேட்கிறார்கள். விதிப்படியே கேட்கலாம். கிரேக்கம் என்றால் ‘ஃப்’ ஒலிக்கு ‘பி-எச்’. பிரெஞ்சு என்றால் முடிவில் ஒலிக்காத எழுத்து இருக்கலாம். உலகத்திலேயே கடினமான ஸ்பெல்லிங் தேர்வை எழுதும் பிள்ளைகளின் முதல் ஆயுதம் இந்த ஒரு கேள்வி. நம் வகுப்பறையில் அதைத்தான் வாயடைக்கிறோம்.

தமிழ்ச் சொல்லிலிருந்தே தொடங்கினாலும் நல்லது. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ என்ற பெயரில் ஆங்கில உணவுப் பட்டியலில் ஏறியது. அதன் ஸ்பெல்லிங்கில் இரண்டு ‘எல்’, ஒரு ‘டபிள்யூ’, கடைசியில் ‘ஒய்’. ஆங்கிலேயர் காது தமிழை எப்படிக் கேட்டது என்பது அந்த எழுத்துகளில் பதிந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, இது உன் பாட்டி வைத்த ரசம் என்று சொன்னால், ஸ்பெல்லிங் வேறு யாருடைய சொத்தோ என்ற அச்சம் பிள்ளைக்குக் குறையும்.

எனவே சில வேண்டுகோள்கள். வாரத்துக்கு ஒரு சொல், ஒரு ‘ஏன்’ என்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘டூ’ என்ற எண்ணில் உள்ள ‘டபிள்யூ’வை ‘ட்வின்’, ‘ட்வைஸ்’, ‘ட்வென்டி’யோடு ஒரே வரிசையில் எழுதிக் காட்டுங்கள், எல்லாம் இரண்டின் குடும்பம். பிழையாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதச் சொல்லாமல், அதன் உறவுச் சொற்கள் மூன்றைத் தேடிவரச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் குழுவாக அமர்த்திச் சொந்தமாக ஒரு பாங்கிராம் எழுதவையுங்கள். 40 எழுத்தானாலும் பரவாயில்லை, 60 ஆனாலும் பரவாயில்லை. ‘க்யூ’வுக்கும் ‘இசட்’டுக்கும் சொல் தேடி அகராதியைப் புரட்டும் அந்த ஒரு மணி நேரத்தில், பல வாரத்து டிக்டேஷன் தராத பழக்கம் வந்துவிடும். விளக்கமே இல்லாத சொற்களும் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

நாலு கோடு நோட்டில் ஒரு பிள்ளை ‘நைஃப்’ என்பதை ‘என்’னில் தொடங்கி எழுதியிருந்தால், அதன் காது சரியாக வேலை செய்திருக்கிறது. சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், அந்தப் பிள்ளையை அருகே அழைத்து, ‘க்னீஃப்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஸ்பெல்லிங்குக்குப் பயந்த பிள்ளைகளின் சார்பில் ஒரு வாசகர்